பிளைவீலின் கனம்

தில்லியில் உத்தம் நகர்ப் பக்கம் குயவர்களின் குடியிருப்பு ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தபோது, ஒரே தெருவில் இருவகைத் திகிரிகள் சுழலக் கண்டேன். ஒரு வீட்டு வாசலில் முதியவர் ஒருவர் கனத்த கல் திகிரியைக் கோலால் நாலைந்து முறை உந்திச் சுழற்றினார். பிறகு கோலை அப்பால் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் மண்ணைப் பிடித்தார். சக்கரம் தன் கனத்தின் வலிமையாலேயே சுழன்றுகொண்டிருந்தது. அது ஓய்வதற்குள் இரண்டு மூன்று அகல்கள் உருவாகிவிட்டன. எதிர்வீட்டில் ஓர் இளைஞர் மின்சார மோட்டாரால் ஓடும் திகிரியில் அதே அகல்களைச் செய்துகொண்டிருந்தார். அவருடைய சக்கரத்தை ஒரு கையால் தூக்கிவிடலாம்.

முதியவருக்குக் கனமான சக்கரம் ஏன் வேண்டும்? இளைஞருக்கு அது ஏன் வேண்டியதில்லை? முதியவர் தரும் விசை விட்டுவிட்டு வருவது. கோலைக் கீழே வைத்ததும் அது நின்றுவிடுகின்றது. மின்சார மோட்டார் தரும் விசையோ இடைவிடாதது. விசை வராத இடைவெளியைக் கடத்துவதற்கே கனம் தேவைப்படுகின்றது. இடைவெளி குறையக் குறையக் கனத்தின் தேவையும் குறைகின்றது. நேயர்களே, மோட்டார் வண்டியைப் பற்றி இன்று நான் சொல்ல இருக்கும் செய்திக்கு இதுவே வேர்.

என் தங்கையின் மகன் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் வேலை பார்க்கின்றான். அவனிடம் 1990-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மஸ்தா எம்.எக்ஸ்.-5 என்னும் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கின்றது. இரண்டே பேர் அமரக்கூடிய, மேற்கூரையை மடித்துவிடக்கூடிய சிறு வண்டி அது. 1989-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அந்நாட்டில் மியாட்டா என்று அழைப்பார்கள். 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைச் சக்தி, ஏறக்குறைய 950 கிலோ எடை. இன்றைய கார்களின் முன்னே இந்தச் சக்தி ஒரு பொருட்டன்று. ஆயினும், வண்டி இலேசாக இருப்பதால் ஓட்டுபவனுக்கு அது தரும் மகிழ்ச்சி பெரிது.

சென்ற ஆண்டு அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "மாமா, கிளச்சுத் தட்டு தேய்ந்துவிட்டது. கியர்ப் பெட்டியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றும்போதே பிளைவீலையும் மாற்றிவிடு, இலேசான அலுமினியச் சக்கரம் போட்டால் வண்டி பறக்கும் என்று நண்பர்கள் சொல்கின்றார்கள். பட்டறைக்காரரோ, இருப்பதையே சாணை பிடித்துப் போட்டுக்கொள் என்கின்றார். எஃகில் செய்த சக்கரமும் கிடைக்கின்றது. எதை வாங்குவது? நீங்கள் சொன்னால் கேட்கின்றேன்" என்று எழுதியிருந்தான். பொறியியல் கல்லூரியில் முப்பத்தைந்து ஆண்டுகள் எஞ்சின்களைப் பற்றிப் பாடம் சொன்ன மாமனுக்கு இதைவிட இனிய கேள்வி வேறு இல்லை. நான் எழுதிய பதில் பத்துப் பக்கத்துக்கு நீண்டுவிட்டது. அதன் சாரத்தையே இப்போது சொல்கின்றேன்.

எஞ்சினின் கிராங்குத் தண்டினுடைய பின்முனையில் போல்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும் வட்டத் தட்டுக்குப் பட்டறைகளில் வழங்கும் பெயர் பிளைவீல். அதன் விளிம்பைச் சுற்றிப் பற்கள் உண்டு. வண்டியைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் அந்தப் பற்களில்தான் பிடித்துச் சுழற்றும். அதன் முகத்தின் மீதுதான் கிளச்சுத் தட்டு அழுந்தி நிற்கும். ஆனால் இவ்விரண்டும் அதன் உபதொழில்கள். அதன் முதல் தொழில் குயவர் திகிரியின் தொழிலே. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்குத் தண்டு ஒருமுறை சுற்றுவதற்குள் இரண்டு தடவைதான் பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றது. ஒரு தள்ளலுக்கும் மறு தள்ளலுக்கும் இடையே, காற்றை அமுக்குவதற்கு எஞ்சின் தன் கையிருப்பைச் செலவிட வேண்டும். அந்தக் கையிருப்பைச் சேர்த்து வைத்திருப்பது பிளைவீல்.

வண்டி சிக்னலில் நிற்கின்றது. எஞ்சின் நிமிஷத்துக்கு 850 சுற்று வேகத்தில் ஓடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். என் மருமானுடைய வண்டியின் பழைய பிளைவீல் ஏறக்குறைய 8 கிலோ எடையுள்ளது. இந்த வேகத்தில் அதில் சேர்ந்திருக்கும் சக்தி சுமார் 300 ஜூல். பதினைந்து கிலோ எடையுள்ள ஒரு குடம் தண்ணீரை இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான சக்தி, அவ்வளவுதான். அதே சக்கரம் நிமிஷத்துக்கு 6,500 சுற்று சுழலும்போது 18,000 ஜூலைத் தேக்கி வைத்திருக்கின்றது. வேகம் ஏழரை மடங்கு கூடினால், சேமிப்பு ஐம்பத்தெட்டு மடங்கு கூடிவிடுகின்றது. வேகத்தின் வர்க்கத்துக்கேற்பச் சக்தி வளர்வதே காரணம். மேலும், அந்த வேகத்தில் பிஸ்டன்களின் தள்ளல்களும் மிக நெருங்கி வருகின்றன. ஆகவே வேகமாக ஓடும் எஞ்சினுக்குப் பிளைவீலில் கனம் தேவையில்லை. மெதுவாக ஓடும் எஞ்சினுக்கே தேவை. பந்தயக் காரின் எஞ்சின் மெதுவாக ஓடும் நேரம் மிகச் சொற்பம். அலுவலகத்துக்குப் போய்வரும் காரின் எஞ்சினோ வாழ்நாளில் பெரும்பகுதியை மெதுவாகவே கழிக்கின்றது.

இனி, இலேசான சக்கரத்தால் வரும் ஆதாயத்தைப் பார்ப்போம். வண்டியை விரைவுபடுத்தும்போதெல்லாம் பிளைவீலையும் விரைவுபடுத்த வேண்டியிருக்கின்றது. அதற்காகச் செலவாகும் விசை வண்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. வண்டியில் ஏதோ ஒரு மூட்டையை ஏற்றி வைத்தாற்போன்ற நிலை. அந்த மூட்டை எவ்வளவு பெரியது என்பது கியரைப் பொறுத்தது. மருமானுடைய வண்டியின் கியர் விகிதங்களைக் கொண்டு கணக்கிட்டேன். முதல் கியரில் அந்த 8 கிலோச் சக்கரம் ஏறக்குறைய 180 கிலோ மூட்டையாக இருக்கின்றது. இரண்டாவது கியரில் 65 கிலோ, மூன்றாவதில் 32, நான்காவதில் 18, ஐந்தாவதில் 12 கிலோ. சக்கரத்தின் சுழற்சித் தடையைப் பாதியாக்கினால் மூட்டைகளும் பாதியாகும். முதல் கியரில் 90 கிலோ இறங்கிவிடுகின்றது. இது சாமானியமான ஆதாயமன்று. ஆனால் நான்காவது கியரில் இறங்குவது 9 கிலோதான். வண்டியின் பின்பெட்டியில் கிடக்கும் வேண்டாத சாமான்களை எடுத்து வீட்டில் வைத்தாலே அவ்வளவு குறையும்!

முதல் கியரில் ஒருவன் எத்தனை விநாடி ஓட்டுகின்றான்? இரண்டு, மூன்று. பிறகு கியரை மாற்றிவிடுகின்றான். ஆகையால் "வண்டி பறக்கும்" என்னும் பேச்சைக் கொஞ்சம் தண்ணீர் கலந்தே பருக வேண்டும்.

இவ்வளவு சிறிய ஆதாயத்தை இத்தனை பேர் ஏன் கொண்டாடுகின்றார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு. வண்டி நிற்கும்போது, கியரில் போடாமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், எஞ்சின் தன்னைத்தானே மட்டும் விரைவுபடுத்திக்கொள்கின்றது. அப்போது இலேசான சக்கரத்தின் வேறுபாடு முழுமையாகத் தெரியும். எஞ்சின் துள்ளி எழும், விட்டதும் அடங்கும். இந்த உறுமல் காதுக்கு இனியது. அது வெறும் உறுமல் மட்டுமன்று. வளைவுக்கு முன் வேகத்தைத் தணித்துக் கீழ்க் கியருக்கு மாற்றும்போது, எஞ்சினின் சுற்று வேகத்தை ஒரு நொடியில் உயர்த்திப் பொருத்த வேண்டும். அவ்வேலையை இலேசான சக்கரம் மிக எளிதாக்கித் தருகின்றது. மலைப்பாதையில் விரும்பி ஓட்டுபவனுக்கு இதுவே உண்மையான பயன் என்பது என் கருத்து. விநாடிக் கணக்கு அப்புறந்தான்.

சக்தி கூடுகின்றது என்று சிலர் சொல்வது சரியன்று. ஒரே வேகத்தில் ஓடும் எஞ்சினில் பிளைவீல் சக்தியைத் தருவதுமில்லை, தின்பதுமில்லை. உருளையைச் சுழல விட்டுச் சக்தியை அளக்கும் சில சோதனை யந்திரங்களில் இலேசான சக்கரம் போட்ட வண்டிக்கு நாலைந்து குதிரைச் சக்தி கூடுதலாகக் காட்டும். அங்கே எஞ்சின் விரைந்துகொண்டே இருக்கும்போது அளவெடுக்கின்றார்கள். சக்கரத்துக்குப் போயிருக்க வேண்டிய பங்கு உருளைக்குப் போய்ச் சேர்கின்றது. இது புதிதாகப் பிறந்த சக்தியன்று.

ஆதாயத்துக்கு எதிரே நஷ்டக் கணக்கும் உண்டு. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் மெல்ல நடுங்கும். குளிர்சாதனக் கருவியின் கம்ப்ரஸர் திடீரென்று பிடிக்கும்போது சுற்று வேகம் பள்ளத்தில் விழுந்தாற்போல் இறங்கி எழும். கியர்ப் பெட்டியின் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக் கலகலவென்று ஓசையிடும். கிளச்சை மிதித்தால் ஓசை அடங்கும், விட்டால் மறுபடி கேட்கும். பயந்துபோய் பேரிங் போய்விட்டதென்று எண்ணிப் பட்டறைக்கு ஓடுபவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை நிலையிலிருந்து கிளப்புவது கடினமாகின்றது. முன்பு சொன்ன அந்த 300 ஜூல் பாதியாகிவிடுமல்லவா? கிளச்சை விடுவதில் கால் சற்றுப் பிசகினாலும் எஞ்சின் நின்றுவிடும். நிற்கக்கூடாதென்று ஆக்ஸிலரேட்டரை அதிகம் மிதித்துக் கிளச்சை வழுக்கவிட்டால், கிளச்சு முன்னைவிட விரைவில் தேயும்.

சமதரையில் இது ஒரு வாரத்தில் பழகிவிடும் காரியம். ஆனால் என் மருமான் இருப்பது சான் பிரான்சிஸ்கோவில். அந்நகரின் தெருக்கள் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குபவை. பில்பர்ட் தெருவில் ஒரு பகுதி 31.5 விழுக்காடு சரிவுடையது. நூறு அடி போனால் முப்பத்தோரடிக்கு மேல் ஏற வேண்டும். அத்தகைய தெருவின் உச்சியில், பின்னால் இன்னொரு வண்டி ஒட்டி நிற்க, முதல் கியரில் கிளம்புவதென்றால் கனமான சக்கரத்தின் அருமை தெரியும். "நீ எந்தத் தெருவில் குடியிருக்கின்றாய், எந்தத் தெரு வழியாக ஆபீசுக்குப் போகின்றாய் என்பதை முதலில் எழுது. எந்தச் சக்கரம் என்பதைப் பிறகு பார்ப்போம்" என்று அவனுக்கு எழுதினேன்.

அடுத்த செய்தி, விற்பவர்கள் விளம்பரத்தில் எடையை மட்டும் அச்சிடுவதைப் பற்றியது. எடை முக்கியந்தான், ஆனால் அந்த எடை சக்கரத்தில் எங்கே இருக்கின்றது என்பது அதைவிட முக்கியம். மையத்திலிருந்து 13 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு கிலோவைக் குறைத்தால் கிடைக்கும் பலன், 6 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு கிலோவைக் குறைப்பதைப்போல் நான்கரை மடங்குக்கும் மேல். இதையே பாடநூல்கள் நிலைமத் திருப்புத்திறன் என்கின்றன. விளிம்பில் கனத்தை வைத்துக்கொண்டு, நடுவில் துளைகள் போட்டு எடையைக் குறைத்த சக்கரம் தராசில் இலேசாக இருக்கும். எஞ்சினுக்கு இலேசாக இராது. அலுமினியச் சக்கரத்திலும் இந்தச் சூட்சுமம் உண்டு. கிளச்சு உரசும் முகத்தை அலுமினியத்தில் வைக்க முடியாது. எஃகு வளையம் ஒன்றைப் பதித்தாக வேண்டும். விளிம்பின் பற்களும் எஃகுதான். இரண்டும் மையத்தைவிட்டுத் தள்ளியே இருப்பவை. ஆகவே 8 கிலோச் சக்கரத்துக்குப் பதில் 4 கிலோ அலுமினியச் சக்கரம் போட்டால், எடை பாதியாவதைப்போல் சுழற்சித் தடையும் சரிபாதியாகிவிடும் என்று எண்ணுவதற்கில்லை. முன்னே நான் சொன்ன 90 கிலோக் கணக்கும் மிகத் தாராளமான கணக்கே. போதாக்குறைக்கு, கிராங்குத் தண்டும் கிளச்சு மூடியும் முன்போலவே கனத்துடன் கூடவே சுழன்றுகொண்டிருக்கும்.

இனி, அஞ்ச வேண்டிய விஷயம். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, சொல்லிக்கொள்ளப் பெருமையானதன்று.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், முன்பு மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்று வந்தன. 1970-களின் இறுதியில், நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, மாணவன் ஒருவன் அதில் கலந்துகொள்ள ஒரு பழைய காரைத் தயார் செய்துகொண்டிருந்தான். இலேசான பிளைவீலை விலைக்கு வாங்க அந்நாளில் இங்கே வழியில்லை. "சார், இருப்பதையே கடைசல் பிடித்துக் குறைத்தால் என்ன?" என்று கேட்டான். நானும் கணக்குப் போட்டு, முதுகுப்புறத்தில் இரண்டரைக் கிலோவைக் கடைந்தெடுக்கச் சொன்னேன். கடைசல்காரர் நான் வரைந்து கொடுத்தபடியே ஒழுங்காகச் செய்தார். ஒத்திகை ஓட்டத்தின் மூன்றாம் நாள் கிளச்சு அதிர்கின்றதென்று கியர்ப் பெட்டியை இறக்கினோம். பிளைவீலின் போல்டுத் துளை ஒன்றிலிருந்து விளிம்பை நோக்கி ஒரு மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. நீளம் என் சுண்டுவிரல் அளவு. தவறு கடைசல்காரருடையதுமன்று, மாணவனுடையதுமன்று, என்னுடையது. எடையைக் கணக்கிட்டேனே ஒழிய, அது வார்ப்பிரும்பு என்பதை நினைவில் வைக்கவில்லை.

வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும். இழுப்பைத் தாங்குவதில் எளியது. சுழலும் சக்கரத்தில் இருப்பதெல்லாம் இழுப்பே. 28 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பிளைவீல் நிமிஷத்துக்கு 7,000 சுற்று சுழலும்போது, அதன் விளிம்பு மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றது. விளிம்பிலுள்ள ஒவ்வொரு கிராம் உலோகமும் ஏழரைக் கிலோ எடையின் வலிவோடு வெளியே பாயத் துடிக்கின்றது. விரிசல் முற்றித் தெறித்தால், துண்டுகள் கியர்ப் பெட்டியின் அலுமினிய மூடியையும் வண்டியின் தகட்டையும் காகிதம்போல் கிழித்துச் செல்லும். பிளைவீல் இருக்குமிடமோ ஓட்டுபவனுடைய பாதங்களுக்கு மிக அருகில். அந்த மாணவன் இன்று பேரன் பேத்தி எடுத்து நலமாக இருக்கின்றான். அந்தத் தட்டு என் மேசைக்கடியில் இருக்கின்றது.

ஆதலால் மருமானுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரியை மட்டும் அடிக்கோடிட்டேன்: வார்ப்பிரும்புப் பிளைவீலைக் கடைந்து இலேசாக்கிப் போடாதே. தேய்ந்த முகத்தைச் சமப்படுத்த, தயாரித்தவர்கள் அனுமதித்த அளவுக்குள் சாணை பிடிப்பது வேறு. கனத்தைக் கரைப்பதற்காகக் கடைவது வேறு. இலேசான சக்கரம் வேண்டுமென்றால், அதற்கென்றே முழு எஃகுக் கட்டியிலிருந்தோ, காய்ச்சி அடித்த எஃகிலிருந்தோ, உயர்தர அலுமினியத்திலிருந்தோ செய்ததை வாங்க வேண்டும். அமெரிக்காவில் 1978-இல் ஏற்பட்ட எஸ்.எப்.ஐ. என்னும் அமைப்பு பந்தயக் கருவிகளுக்குத் தர விதிகளை வகுத்துள்ளது. பிளைவீலுக்கும் கிளச்சுக்கும் உரிய விதி எண் 1.1. அந்த முத்திரை உள்ள சக்கரத்துக்குச் சற்றுக் கூடுதலாக விலை கொடுத்தால் அது வீண் செலவன்று. பெயர் தெரியாத கடையில் பாதி விலைக்குக் கிடைப்பது, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

எஃகா, அலுமினியமா? குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த எஃகில் செய்த சக்கரம் அவன் வண்டிக்கு 5 கிலோவுக்குச் சற்று மேல் வரும்; அலுமினியம் 4 கிலோவை ஒட்டி வரும். எஃகுச் சக்கரம் ஒரே துண்டு. முகம் தேய்ந்தால் சாணை பிடித்துக்கொள்ளலாம். அலுமினியத்தில் பதித்த எஃகு வளையம் தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி வேறு மாற்றலாம். இது ஒரு வசதி. ஆனால் சூடேறும்போது அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிகின்றது. வளையத்தையும் பற்களையும் பிடித்து வைத்திருக்கும் முறை செம்மையாக இல்லையெனில், நாளடைவில் பிடிப்பு தளரும். நல்ல தயாரிப்பாளர்கள் இதை அறிந்து செய்கின்றார்கள். ஆகவே அலுமினியம் கூடாதென்று நான் சொல்லவில்லை. நாள்தோறும் நகரத்தில் ஓட்டி, எப்போதாவது மலைப்பாதைக்குப் போகின்றவனுக்கு எஃகே போதும் என்பதுதான் என் தீர்ப்பு. பந்தயத்துக்கென்றே வைத்திருக்கும் வண்டியாயின் அலுமினியத்துக்கு என் ஓட்டு.

எம்.எக்ஸ்.-5 இந்த வகையில் சிக்கலில்லாத வண்டி. எல்லா வண்டிகளும் அப்படியல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1980-களின் நடுவிலிருந்து ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் இரட்டைப் பிளைவீல் வரத் தொடங்கியது. இரண்டு தட்டுகள், இடையே சுருள்வில்கள். எஞ்சினின் அதிர்வு கியர்ப் பெட்டிக்குப் போகாமல் வில்கள் வாங்கிக்கொள்கின்றன. அதை எடுத்துவிட்டு ஒற்றைத் தட்டைப் போட்டால், கனம் மட்டுமன்றி வில்களும் போய்விடுகின்றன. வில்கள் பொருத்திய கிளச்சுத் தட்டையாவது சேர்த்து வாங்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் வெளிவந்த போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். வண்டிக்குத் தொழிற்சாலையே இலேசான ஒற்றைச் சக்கரத்தைப் போட்டு அனுப்பியது. வண்டி பெரும்புகழ் பெற்றது. சிக்னலில் நிற்கும்போது அது செய்யும் கலகலப்பும் புகழ்பெற்றதே.

அமெரிக்காவின் போர்டு மஸ்டாங் வண்டியிலுள்ள 302 எஞ்சினுக்கோ பிளைவீலே துலாபாரத்தின் ஒரு தட்டு. கிராங்குத் தண்டைச் சமன் செய்யும் எடையில் ஒரு பகுதியைச் சக்கரத்தில் ஒருபக்கமாக வைத்திருக்கின்றார்கள். பழைய எஞ்சின்களில் அது 28 அவுன்ஸ்-அங்குலம். 1980-களின் தொடக்கத்தில் 50 ஆக மாற்றிவிட்டார்கள். எஞ்சினின் வயது தெரியாமல் சக்கரம் வாங்கினால், வண்டி ஆட்டம் ஆடும். மஸ்தாவின் இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரான ஆர்.எக்ஸ்.-7-இலும் சமன் எடை பழைய பிளைவீலோடு சேர்ந்தது. இலேசான சக்கரத்துக்குத் தனியாக ஒரு சமன் எடையை வாங்கிப் பொருத்த வேண்டும். அமெரிக்காவில் 1996-க்குப் பின் வந்த வண்டிகளில் வேறொரு தொல்லை. எஞ்சினில் தீப்பிடிப்பு தவறுகின்றதா என்பதைக் கிராங்குத் தண்டின் வேக ஏற்ற இறக்கத்தைக் கொண்டே அவற்றின் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கின்றது. இலேசான சக்கரத்தால் இயல்பாக வரும் ஏற்ற இறக்கத்தையும் குற்றமென்று கருதி, விளக்கை ஏற்றிவிடுவதுண்டு. 1990 வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

வாங்கும்போது கிளச்சின் அளவையும் பார்க்க வேண்டும். 1.6 லிட்டர் வண்டிக்குக் கிளச்சுத் தட்டு 200 மில்லிமீட்டர். 1994 முதல் வந்த 1.8 லிட்டர் வண்டிக்கு 215. பெரிய கிளச்சைப் போட விரும்புகின்றவர்கள் அதற்குரிய சக்கரத்தையே வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று கேட்டு வாங்குவது உத்தமம். கியர்ப் பெட்டியை இறக்குவதுதான் இந்த வேலையில் பெரும் கூலி. பிளைவீலுக்காக மட்டும் அதை இறக்குவது அறிவுடைமையன்று. கிளச்சு தேய்ந்த சமயத்தில் செய்வதே முறை. இறக்கியபின், கிராங்குத் தண்டின் முனையிலுள்ள சிறு பேரிங், பின்புற எண்ணெய் ஸீல், கிளச்சை விடுவிக்கும் பேரிங் ஆகியவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. அற்ப விலையுள்ள ஸீலைப் பார்த்து மிச்சம் பிடித்தவன், ஆறு மாதத்தில் எண்ணெய் கசிந்து புதுக் கிளச்சைப் பாழாக்கிய கதைகள் பட்டறைதோறும் உண்டு. புதுச் சக்கரத்தின் மேல் துருப்பிடிக்காமலிருக்கத் தடவியிருக்கும் எண்ணெயை நன்றாகத் துடைத்து நீக்கியபிறகே கிளச்சைப் பொருத்த வேண்டும். போல்டுகளைக் கை உரத்தால் முடுக்காமல், குறுக்கும் நெடுக்குமாகப் படிப்படியாக, அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொல்லியபடி முடுக்க வேண்டும். முதல் 800 கிலோமீட்டருக்குக் கிளச்சை வருத்தாமல் ஓட்டுவது வழக்கம்.

மருமானிடமிருந்து பதில் வந்தது. ஆபீசுக்குப் போகும் வழியில் இரண்டு மேடுகள், ஐந்து சிக்னல்கள்; ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையோர மலைப்பாதை. எஃகுச் சக்கரத்தையே வாங்கினான். இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதினான்: "மாமா, முதல் நாள் மேட்டு சிக்னலில் இரண்டு தடவை எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார். இப்போது கால் பழகிவிட்டது. கலகலப்பு கொஞ்சம் இருக்கின்றது. ரேடியோவை வைத்தால் கேட்பதில்லை. மலையில் இறங்கும்போது கீழ்க் கியர் மாற்றுவது வெண்ணெய்போல் இருக்கின்றது. ஆனால் நண்பர்கள் சொன்னபடி வண்டி ஒன்றும் பறக்கவில்லை."

பழைய பிளைவீலை எறிந்துவிடாதே, வண்டியை விற்கும்போது வாங்குகின்றவர் கேட்கக்கூடும் என்று எழுதியிருந்தேன். எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, கட்டிலுக்கடியில் வைத்திருக்கின்றானாம்.